மரியாதைப் பாயை நான் மறந்துதான் கொடுத்தேன்

இயேசு மரி சூசை

உபோலு, சமோவா
திருவருகைக் காலம், இரண்டாம் வாரம்

அன்பு மகள் விதோலியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி தாவிதாவும் அவன் மனைவி லூபேயும் பிள்ளைகளும் இங்கே ஆண்டவர் காப்பில் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை அலபாத்தியும் பிரிஸ்பேனில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாலையும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சொல்கிறேன். நீ எங்களை விசாரிப்பதை நிறுத்திவிட்டாய் என்பதற்காக நானும் நிறுத்த முடியாது. முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். உன் பெரியப்பாவின் இழவுக்கு உன் மாமியார் வீட்டார் காலையில் கொண்டுவந்த மரியாதைப் பாயை மாலையில் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்து, ஊர் பார்க்க அவர்களை வேண்டுமென்றே அவமானப்படுத்தினேன் என்று இங்கும் அங்கும் பேசுகிறார்கள். அது உண்மையில்லை. அந்தப் பேச்சு கிளம்பியது என் வாயிலிருந்துதான், ஆனாலும் உண்மையில்லை. நான் மறந்துவிட்டேன், மகளே. இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

நடந்ததைச் சொல்கிறேன், ஒழுங்காகப் படி. நம் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் யார் எந்தப் பாயைக் கொண்டுவந்தார்கள், போகும்போது பதிலுக்கு அவர்கள் கையில் வேறு எந்தப் பாய் போக வேண்டும் என்பதை உன் அப்பா இருந்த காலத்திலிருந்தே என் தலையில்தான் வைத்திருக்கிறேன். அன்று காலை லூபே ஒரு பேனாவோடு வந்து, எழுதி வைக்கட்டுமா அத்தை, கூட்டம் அதிகமா இருக்கே என்று கேட்டாள். எழுதுவதெல்லாம் மூளை இல்லாதவர்களுக்கு என்று அவளைத் துரத்திவிட்டேன். பகல் முழுக்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சாயங்காலம் உன் மாமியார் லோசாவின் ஆட்கள் கிளம்பியபோது, உள்ளறையில் குவிந்திருந்த பாய்களில் சிவப்பு இறகு வைத்த, பட்டு மாதிரி மடங்குகிற ஒன்றை நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டுக்கு மட்டமானது போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். நம் வீட்டுப் பெண்கள் அதை விரித்துத் தூக்கிப் பிடித்து முற்றத்தின் குறுக்கே கொண்டுபோனார்கள். வழக்கம்போல நன்றிக் குரல் எழும் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. லோசா எழுந்து நின்று, தன் பாயைத் தானே வாங்கி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் முதுகைப் பார்த்தபோதும் எனக்குப் புரியவில்லை.

லூபேதான் ஓடி வந்து, அத்தை, அது காலையில அவங்க கொண்டாந்ததாச்சே என்றாள். அப்போது நான், ஐயோ, மறந்துபோச்சே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாவிதா வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போயிருப்பான், அன்றைக்கே தீர்ந்திருக்கும். நானோ, எனக்குத் தெரியும் என்றேன். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற உன் அத்தை அகெனேசேக்கு அது போதாதா? ஆஹா அண்ணி, நல்லா குடுத்தீங்க போங்க, இத்தனை வருஷப் பாக்கியை ஒரே பாயில தீர்த்துட்டீங்க என்று கையைத் தட்டினாள். உன் கல்யாணத்துக்கு அவர்கள் கொண்டுவந்த பாயைச் சாக்கு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதை நான் சொன்னேன்தான். அது சாக்கு மாதிரிதான் இருந்தது, அதை இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை அவர்கள் கொண்டுவந்தது நம் ஊரிலேயே நல்ல பாய். அடுத்த ஞாயிறு நீ தொலைபேசியில் அழுதுகொண்டே, தெரிஞ்சேதான் செஞ்சியாம்மா என்று கேட்டாய். யாருக்கு என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியும் என்று உனக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். நீ வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. என்னை அகம்பாவம் பிடித்தவள் என்று யார் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன், சிறு வயதிலிருந்து கேட்டதுதான். மறதிக்காரி என்று ஒருத்தர் பரிதாபமாகப் பார்த்தால்தான் தாங்காது. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், மகளைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்கிற பெண்களைப் பற்றி நீ சொன்னதெல்லாம் என் மனதில் இருந்தது.

பிறகு கோவிலில் ஒரு நாள் நான் முன்னே நின்று ஜெபமாலை நடத்தும்போது, மூன்றாம் துக்க இரகசியம் என்று ஆரம்பித்தேன், அது முள்முடி என்பது வரவில்லை. மடத்துப் பள்ளியில் சிஸ்டர் பெர்னாதெத் எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொன்னவள் நான். இருமுவது மாதிரி பாவனை செய்து அகெனேசேயைச் சொல்லச் சொன்னேன். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆப்பியாவுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், தலையைச் சரியாக வாரியிருக்கவில்லை, ஆனால் பொறுமைசாலி. நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஐந்து வார்த்தைகள் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன், அவளுடையதைவிட வட்டம் நன்றாக இருந்தது. பிறகு அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்டாள். மூன்றுதான் வந்தது. நான் அங்கேயே எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, என்னதுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்கம்மா என்றாள். இரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறதாம், இடது காது பாதி போய்விட்டதாம், உன் அப்பா போனதிலிருந்து நான் சரியாகத் தூங்குவதில்லை என்பதையும் கேட்டு வாங்கிவிட்டாள். காது கேட்காதவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்குவார்கள், ஒதுங்கினால் மூளையும் சோம்பிப்போகும் என்றாள். இதையெல்லாம் கவனித்தால் கொஞ்சம் தெளியலாம், அல்லது மெதுவாகலாம், போனது எல்லாம் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்லாததால் அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஈஸ்டருக்கு முன் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் லோசாவிடம் போனேன். விடியும்போது தாவிதாவை வண்டி ஓட்டச் சொல்லி, என்னிடமிருந்த பாய்களில் மிகச் சிறந்ததை எடுத்துக்கொண்டு, அவள் வீட்டு முற்றத்தில் அதைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன், இரத்தப்பழி வந்தவர்கள் மன்னிப்புக்கு உட்காருவார்களே, அப்படி. முட்டி வலித்தது, எழவில்லை. லோசா வெளியே வந்து பாயைத் தூக்கிப் பார்த்து, ஐயையோ சம்பந்தி, யாரைக் கொன்னுட்டு வந்திருக்கீங்க என்று அலறினாள். நான் மறந்துவிட்டேன் என்றேன். நம்பவில்லை. நீங்களா? மறந்தீங்களா? எங்க பாயில எத்தனை இழை விட்டுப்போச்சுன்னு எண்ணிச் சொன்ன வாயாச்சே இது என்றாள். மூன்று வார்த்தைதான் வந்தது என்று டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஜெபமாலையையும் சொன்னேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். திமிருல செஞ்சிருந்தா வாய் வலிக்கத் திட்டியிருப்பேன், இதுக்கு நான் என்னத்தச் செய்வேன் சம்பந்தி என்று அழுதாள். பாயை வாங்கிக்கொண்டாள், கொக்கோ கொடுத்தாள், சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தாள், மரியாதைக்குக் குடித்தேன். என் பையன்கிட்ட நான் சொன்னா, அம்மா விட்டுக்குடுத்துப் பேசறாங்கன்னு நினைப்பான், நீங்களே எழுதிடுங்க என்றாள். அதனால் இதை மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

இனி வீட்டில் நடக்கிற காரியங்களுக்கு லூபேதான் உள்ளறையில் நிற்பாள், எழுதியும் வைப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எது நல்ல பாய் என்று மட்டும் சொல்வேன், கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. உப்பு மாட்டிறைச்சி டின்னை லூபே என் கண்ணில் காட்டுவதில்லை. வெயில் ஏறுவதற்கு முன் கோவில் வரை நடக்கிறேன். பாடகர் குழுவில் இத்தனை வருடம் பாடிய மேல்குரலை விட்டுவிட்டுக் கீழ்க்குரல் கற்றுக்கொள்கிறேன், புதிதாக எதையாவது படியுங்கள் என்று டாக்டர் சொன்னதற்காக. கஷ்டமாக இருக்கிறது. அகெனேசேயோடு சீட்டாடுகிறேன், அவள் ஏமாற்றுகிறாள், அதைக் கண்டுபிடிப்பதே என் மூளைக்கு நல்ல வேலை. நீயும் கேள். உனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, உன் அப்பாவின் இரத்த அழுத்தம் உன்னிடம் இருக்கும். ராத்திரி வேலையையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்ளாதே, தூக்கத்தைக் கடன் வைக்காதே, போய்ச் சோதித்துப் பார். மற்றவர்களின் அம்மாக்களைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதில்லை. இன்னொன்று, நீ இங்கே வரும்போது அந்த இல்லத்தில் பேசுகிற குழந்தைக் குரலில் என்னிடம் பேசக் கூடாது.

ஆண்டவர் உன் வீட்டையும் உன் கணவனையும் பிள்ளைகளையும் தம் கையில் வைத்துக் காக்கட்டும், தேவமாதா உனக்கு நல்ல தூக்கம் தரட்டும். நான் மறந்துதான் கொடுத்தேன் என்பதை நீ நம்புகிறாயா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் சொல்லாதே. தொலைபேசியில் பாதி என் காதில் விழுவதில்லை, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, நீ வைத்தபின் என்ன சொன்னாய் என்று லூபேயிடம் கேட்க வேண்டியிருந்தது. காகிதத்தில் இருந்தால், மறந்துபோகிற அன்றைக்கு எடுத்து மறுபடி படித்துக்கொள்வேன். தெளிவான கையெழுத்தில் பதில் எழுது.

உன் அம்மா
தெலேசியா