வாளித் தண்ணீர் விழுந்த படிக்கட்டு

தம்பிக்கு, அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது. நான் சுகம். நீ மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே?

பாலம் இடிந்த, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வருஷம், நாம் காவல் பார்த்த இந்தக் கட்டடத்தில் விடுமுறைக்கு வெளியிட ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்களே, அதில் வரும் படிக்கட்டைப் பார்க்க நேற்றும் ஒரு குடும்பம் வந்தது. படப்பிடிப்புப் புகையை நிஜத் தீ என்று நம்பி, அப்பா வேஷக்காரர் தலையில் நீ வாளித் தண்ணீரைக் கொட்டினாயே, அந்த இடம்தான். அதை வெட்டாமல் படத்திலேயே சேர்த்துவிட்டார்களே.

"வாளிக்காரர் இப்ப எங்க இருக்காரு, தாத்தா?" என்றாள் ஒரு சிறுமி.

"ஊர்ல இருக்கான். மாத்திரை முழுங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

உன் போட்டோ ஒன்று அனுப்பு, கேட்பவர்களுக்குக் காட்ட வேண்டும். அப்பா வேஷக்காரர் போய்விட்டார். அம்மா வேஷக்காரியும் கேமராக்காரரும் போய்ச் சேர்ந்தார்கள். நான் அன்று வாசலில் நின்றேன்; அந்தக் காட்சி எடுத்தபோது படிக்கட்டில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான்.