பலகடுவ வளைவில் வெட்டிய பாக்கு

உக்குவளை
14.07.1966

அன்புள்ள மகள் ஸுபைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். புத்தளத்தில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் மருமகனும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்வைக் கேட்கிறோம்.

நான் பிக்கப்போடு ரோட்டோரக் கானுக்குள் இறங்கின கதை அங்கு வந்து சேர்ந்துவிட்டதாக மருமகன் ஸமத் எழுதியிருக்கிறார். மானம் போன மிச்சக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஸக்கரியா ஹாஜியார் என்னைப் பள்ளிவாசல் ஹவுள் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், "ஜைனுதீன், இந்த வயசுல என்ன புதுப் பழக்கம்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். வாகனம் ரோட்டில் அங்கும் இங்கும் அலைந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அது போய் இறங்கின இடமும் கள்ளுத் தவறணைக்கு முன்னால். அவர் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினேன். காலையில் தின்ற கருவாட்டு வாசம்தான், பாவம், அவருக்குக் கிடைத்தது.

தலைப்பிள்ளைக்கு உன்னை உம்மா வீட்டுக்குக் கூட்டிவருவது நம் வழக்கம். ஆனால் இப்படி ஆடுகிற வாகனத்தில் அனுப்ப முடியாது, பிரசவம் புத்தளத்திலேயே நடக்கட்டும் என்று மருமகன் எழுதியதில் பிழை இல்லை. அவர் இடத்தில் நானும் அதையே எழுதியிருப்பேன். இவ்வளவு அழகான கையெழுத்து மட்டும் வந்திருக்காது.

வாகனத்தின் வருத்தம் இதுதான்: ஸ்டியரிங்கை அரைச் சாண் திருப்பினாலும் சில்லு அசையாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, லூஸாக இருந்தால் இறுக்குவது. ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள ஆணியைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, ஆட்டமோ அப்படியே இருந்தது. திருப்பினால் தானாக நேருக்கு வராமல் திருப்பின பக்கமே போனது. கானுக்குப் போனது அப்படித்தான்.

தோட்டத்து லொறியைத் திருத்துகிற செல்லச்சாமி வந்து பார்த்தார். "நோவு கால்ல இருக்கு, நீங்க தலைக்குத் தைலம் தேச்சிருக்கீங்களே, நானா" என்று சிரித்துவிட்டு, நான் இறுக்கினதை முதலில் தளர்த்தினார். பிறகு ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இரு பக்கமும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். உம்மாவை ஆசனத்தில் ஏற்றினோம். முக்காட்டைச் சரிசெய்து, கொழும்புக்கே ஓட்டிப் போகிறவள் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தாள். நான் கீழே படுத்தேன். இடது சில்லுக்குப் பக்கத்தில், ஸ்டியரிங் கம்பியைச் சில்லோடு சேர்க்கிற உருண்டை மூட்டு என் விரலுக்குள் டொக் டொக்கென்று துள்ளியது. கம்பி அசைகிறது, சில்லோ யோசித்துவிட்டு அசைகிறது. "பிடிச்சிட்டேன்" என்று கத்தி எழும்பப் போய் மண்டையை இடித்துக்கொண்டேன். உம்மா மேலிருந்து, "உடைஞ்சது வாகனமா, நீங்களா?" என்றாள்.

மாத்தளையில் புது மூட்டு வாங்கிப் போட்டாயிற்று. முன் சில்லு இரண்டையும் நேர் பார்த்தாயிற்று.

நேற்று உம்மாவோடு பலகடுவ மலை வளைவுகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். அந்த ரோட்டில் அவள் கதவைப் பிடிக்கிற பிடி உனக்குத் தெரியும், கதவுதான் பயப்படும். பாதி ஏற்றத்தில், நல்ல வளைவொன்றில், 'க்றக்' என்று ஒரு சத்தம். அடுத்த மூட்டும் போனதென்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் உம்மா பாக்கு வெட்டுகிறாள். இரண்டு கையும் பாக்குவெட்டியில், கதவில் ஒரு விரல்கூட இல்லை.

இதை மருமகனிடம் சொல்லு. நம்பாவிட்டால் அவரே வந்து கீழே படுத்துத் தொட்டுப் பார்க்கட்டும். ஸ்டியரிங்கை ஆட்டிக்காட்ட உம்மா இருக்கிறாள்.

திரும்பி வரும்போது வெட்டின பாக்கை எனக்கும் அவளுக்கும் நடுவில், சின்னதில் நீ உட்காருகிற இடத்தில் வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மகள் வருவாளா என்று கேட்டாள். மருமகன் என்ன முடிவெடுத்தாலும் நல்லதுக்குத்தான் என்றேன். உனக்கும் அதையே சொல்கிறேன். எங்கே பெற்றாலும் வல்ல நாயன் உனக்கு எல்லாவற்றையும் லேசாக்கித் தரட்டும்.

எங்களுக்கு நடுவில் அந்த இடத்தில் நீ இருந்து வர வேண்டும் என்ற பேச்சு என் தொண்டை வரை வந்தது, மகள். உம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று ஹோர்னை அடித்துவிட்டேன். ரோட்டில் ஒருவருமே இல்லை.

துஆவோடு,
உன் வாப்பா
ஜைனுதீன்