மாமனார் வீட்டு மாடியில் நிற்கும் இடிதாங்கி

மகன் ஜுபேருக்கு, அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். மஸ்கட்டில் நீயும் உன் அறைக்காரர்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். உன் அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஏரியாகிவிடும் நம் ஹாவோர் வயலின் நடுவில், நெல்லடிக்கும் களத்தில் நடச்சொல்லி அரசாங்கம் அனுப்பிய இடிதாங்கியை, ஊர்த் தலைவரான உன் மாமனார் தன் வீட்டு மொட்டைமாடியில் நட்டுக்கொண்டார். அதனால் போன செவ்வாய்க்கிழமை அல்மாஸ் செத்துப்போனான். போனில் இதைச் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வெட்டிவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

அல்மாஸ் நம் வடக்கு வீட்டுக்காரன், உன்னோடு வலை இழுத்தவன். மேகம் கறுத்தால் அறுக்கிற ஆட்களுக்குப் பதிலாக இடியை வாங்கிக்கொள்ள வயலில் ஒரு மரம்கூட இல்லை, இருந்த பனைகளைச் சூளைக்கு விற்றுத் தின்றாயிற்று. உன் மாமனார் வீட்டில் கம்பி நின்றதும் எல்லோரும் அரிவாளைப் போட்டுவிட்டு அங்கே ஓடத் தொடங்கினார்கள். வாங்கடா தலைவர் வீட்டு விருந்துக்கு, கறி கிடைக்கலன்னாலும் உசிராவது மிஞ்சும் என்று அல்மாஸ்தான் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடுவான். சேத்துக் காலோட ஏறுறானுங்க பாரு, இதென்ன படகுத்துறையா என்று உன் மாமனார் கத்துவார். வயலுக்கும் அந்த வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பாதி தூரத்தில் அவன்மேல் இடி விழுந்தது. பின்னால் ஓடிவந்தவன் உன் தம்பி ஷிப்லு. அவனுக்கு இன்னும் இடது காது கேட்கவில்லை. இடி விழுந்தவன் எலும்புக்கு விலை உண்டென்று தோண்டி எடுக்கிற திருடர்களுக்குப் பயந்து அல்மாஸின் குழிமேல் சிமெண்ட் பூசியிருக்கிறோம்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை, ஆனால் அறுபது பைசாக் மாத அறுப்புக்கு மேல் இந்த வானத்தின் கீழ் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் புயல்மழை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வரும், வருவதற்கு முன் வடமேற்கில் கறுத்துச் சொல்லிவிட்டு வரும், ஒருமுறை வந்துபோனால் நாலைந்து நாள் விட்டுவைக்கும். இப்போது பைசாக்குக்கு இரண்டு மாதம் முன்னால், பால்குனிலேயே தொடங்கிவிடுகிறது, காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே முழங்குகிறது, அடுத்த நாளும் வருகிறது, அதற்கடுத்த நாளும். வானிலை ஆபீஸிலிருந்து வந்த பையனிடம் கேட்டேன். சாச்சா, இடி கூடிருச்சா, இல்ல வெட்டவெளியில நிக்கிற ஆளுங்க கூடிட்டாங்களான்னு சொல்ல முப்பது வருசக் கணக்காவது வேணும் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் மலையில் மழை கொட்டுகிறது, வெள்ளத்தைத் தடுக்கும் கரை கசிகிறது, பாதி நெல் இன்னும் அறுக்கவில்லை. வெள்ளம் முப்பது வருசம் காத்திருக்காது. நெல் போனால் வருஷம் முழுக்கச் சோறு இல்லை, அதனால் ஷிப்லு இன்று காலையும் போயிருக்கிறான். உன் அம்மா வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், உலையில் அரிசிகூடப் போடவில்லை.

உன் மாமனாரிடம் போகாமல் இல்லை. சம்பந்தி, களத்துல நட்டா செம்புக் கம்பிய எவனாவது அறுத்துட்டுப் போயிருவான், இங்கன்னா பத்திரமா இருக்கும் என்றார். கம்பி பத்திரமாத்தான் இருக்கு சம்பந்தி, ஆளுதான் இல்ல என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த தேநீரைத் தொடாமல் வந்துவிட்டேன். உன் மனைவி ருமெனாவும் போய் அழுதுவிட்டு வந்தாள். ஆம்பளப் புள்ள இல்லாத மனுசன், மருமவன் ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு, உங்க மவன்தான் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு என்கிறாள். சம்பந்தம் கெட்டுவிடும் என்று நீ பயப்படுகிறாய். ஒரு தம்பிதானே உனக்கு இருக்கிறான், அந்தப் பயம் இல்லையா?

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ உன் மாமனாருக்குப் போன் செய், சலாம் சொல்லி நலம் விசாரித்ததோடு வைத்துவிடாதே, கம்பியைக் களத்துக்குக் கொண்டுபோகச் சொல். அவர் செய்யவேண்டியது அதைக் கழற்றிக் கொடுப்பது மட்டும், தூக்கிவர ஊரில் தோள்கள் இருக்கின்றன. குழி வெட்டுவது அல்மாஸின் அண்ணன்மார் பொறுப்பு, கேட்டுவிட்டேன். திருட்டுப் போகாமல் காவல் முறைபோட்டு நெல்லுக்காரர்கள் எல்லோரும் இருப்போம். முதல் முழக்கம் கேட்டதும் குனிந்தபடி கரையேறிவிட வேண்டும் என்று ஷிப்லுவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் சொல், அவன் வலது காதுப் பக்கம் போனை வைக்கச் சொல்லிப் பேசு. வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிவரை பொறுப்பேன். அதற்குள் கம்பி இறங்கவில்லை என்றால், ஜும்ஆ முடிந்ததும் ஏணியும் திருகுசாவியும் எடுத்துக்கொண்டு அந்த மாடியில் நானே ஏறுவேன். வானம் தெளிந்திருந்தாலும் ஏறுவேன், கறுத்திருந்தாலும் ஏறுவேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பேசுகிற துணிச்சலும் தரட்டும். வெயிலில் தண்ணீர் குடி. மறக்காமல் போன் செய், எனக்கல்ல, அவருக்கு.

உன் அப்பா
அகத்தஸ் அலி