செதிலுக்கு ஒரு மதிப்பெண்

அனுப்புநர்
பரிசோதனை எண் அறுபத்து மூன்றின் அக்கா,
புள்ளியியல் விரிவுரையாளர், மகளிர் கல்லூரி.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. மனு பல மேசைகளைக் கடக்கும். என் தம்பியின் பெயர் அவற்றைக் கடக்க வேண்டியதில்லை.)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தோல் நோய் ஆராய்ச்சிப் பிரிவு,
பல்கலைக்கழக மருத்துவமனை.

பொருள்: சொரியாசிஸ் நோய்க்கான புதிய மாத்திரை ஆய்வு – 'நோய் போதிய அளவு இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவரை மீண்டும் பரிசோதிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பல வருடங்களாகத் தன் தோலை மறைத்தே பழகிய ஒருவரிடம், 'இன்று ஒரு நாள் மட்டும் மறைக்காமல் வாருங்கள்' என்று சொல்லவேண்டியது யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் இந்த மனு பாதி நீளத்தில் முடிந்திருக்கும். பதில் இல்லாததால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. என் தம்பிக்கு வயது நாற்பத்து நான்கு. என்னோடுதான் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கின் மேல் சரிகிறதா என்று கேட்டு, பிரேமைச் சூடுபடுத்தி வளைத்துக் கொடுப்பது அவர் வேலை. அடுத்தவர் முகத்துக்கு அரையடி தூரத்தில் தன் கையை வைத்துப் பிழைப்பவர் என்று சொல்லலாம்.

2. நோய் அவருக்கு இருபத்திரண்டு வயதில் முழங்கையில் ஒரு நாணய அளவில் தொடங்கியது. இப்போது தலை, முதுகு, முழங்கால், முன்கை என்று எங்கும் இருக்கிறது. களிம்புகள் பார்த்தாயிற்று. ஒளிச் சிகிச்சை பார்த்தாயிற்று. மாத்திரை ஒன்றுக்குத் தோல் கேட்டது. கல்லீரல் கேட்கவில்லை, நிறுத்தினார்கள். புதிய ஊசிகளின் விலையை விசாரித்தோம், அதோடு விட்டோம். திருமணப் பேச்சு ஒன்று வந்தது, நின்றது. அதை எழுத இந்த மனுவில் இடமில்லை.

எவ்வளவு வெயிலாக இருந்தாலும் அவர் முழுக்கைச் சட்டைதான் போடுவார். கடைக்கு வருகிறவர்கள் 'முழுக்கை சார்' என்றுதான் அவரைக் கேட்டு வருவார்கள். "எனக்கு மட்டும் வருஷம் பூரா குளிர்காலம்க்கா" என்பார். செதில் உதிர்ந்தால் தெரியக் கூடாது என்பதற்காக வெளிர் நிறத்தில் மட்டுமே சட்டை எடுப்பார். உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் தன் போர்வையைத் தானே கொண்டுபோவார். மற்றவர்கள் எழுவதற்குமுன் எழுந்து, படுத்த இடத்தைக் கூட்டிவிடுவார். அவர் பெரிய சுத்தக்காரர் என்று எங்கள் உறவில் ஒரு பெயர் உண்டு. நாங்கள் அதைத் திருத்தியதில்லை.

3. சென்ற வருடம் ஒரு தாய் தன் பெண் குழந்தைக்குக் கண்ணாடி வாங்க வந்தார். என் தம்பி மாட்டிவிடும்போது சட்டைக் கை சற்று மேலேறியது. அந்தத் தாய் குழந்தையின் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் முதல் என் தம்பிக்குப் பின்னறையில் வேலை: லென்சைத் தேய்ப்பது, திருகு முடுக்குவது. இது தொற்றுநோய் அல்ல என்று மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு நான் கடை முதலாளியைப் பார்த்தேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "எனக்குத் தெரியும்மா. வர்றவங்களுக்குத் தெரியணுமே" என்றார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. நல்ல மனிதர். அதனாலேயே அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

பின்னறைக்குப் போன சில மாதங்களில் இதே நோயால் விரல் மூட்டுகளும் வீங்கத் தொடங்கின. காலையில் விரல்களை மடக்க முடிவதில்லை. கண்ணாடியில் போடும் திருகு கடுகளவுதான் இருக்கும். அது கைநழுவிக் கீழே விழுவதும், அவர் தரையில் மண்டியிட்டுத் தேடுவதும் வழக்கமாகிவிட்டன. முதலாளி போன மாதம், "இன்னொரு ஆள் போடலாமான்னு யோசிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். என் தம்பி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

4. இந்த நிலையில்தான் தங்கள் பிரிவின் அறிவிப்பைப் பார்த்தார். புதிய மாத்திரை, தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்துப் பயன் தரலாம், ஆய்வுக்கு ஆட்கள் தேவை என்று அதில் இருந்தது. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரைதான் கிடைக்கும், யாருக்கு எது என்று கொடுக்கும் மருத்துவருக்கே தெரியாது, மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரலாம் என்று வகுப்பு எடுப்பதுபோல் எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வெறும் மாத்திரையா இருந்தா இருக்கட்டும்க்கா. மாசாமாசம் ஒருத்தர் கையப் புடிச்சுப் பாப்பாங்கல்ல" என்றார். அதற்குமேல் நான் புள்ளியியல் பேசவில்லை.

5. தகுதிப் பரிசோதனைக்கு வருவோருக்குத் தாங்கள் கொடுக்கும் தாள் எங்களுக்கும் கிடைத்தது. மருந்து கலந்த களிம்புகளை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. நிறுத்தினார். தோல் வெடித்து, சட்டைக் கையின் உட்புறத்தில் ரத்தக் கறை படிந்தது. ஒரு நாள்கூடக் களிம்பைத் தொடவில்லை. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டார்.

எண்ணெயைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தையும் இல்லை.

வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவர் செய்வது இதுதான்: வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை ஊறவைத்து, செதில் இளகியதும் மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, மருந்து எதுவும் கலக்காத எண்ணெயைத் தடவி, அது இறங்கும்வரை காத்திருந்து சட்டையை மாட்டுவது. அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பெரிய மருத்துவமனைக்குப் போகிறோம், மருத்துவர்கள் முன் சட்டையைக் கழற்றப் போகிறோம், பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். எங்கள் இருவருக்குமே வேறொன்றும் தோன்றவில்லை. அவருக்கு எண்ணெய் ஒரு மருந்து அல்ல, ஐயா. அது சட்டைக்கு அடியில் போடும் இன்னொரு சட்டை.

6. பரிசோதித்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றுக்கும் சுழியத்திலிருந்து நான்குவரை மதிப்பெண் இட்டு, நோய் பரவிய இடத்தை நோயாளியின் உள்ளங்கையை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டு, இரண்டையும் பெருக்கி ஓர் எண் வருவிக்கிறார்கள். தாங்கள் அறிந்ததுதான், இந்த மனுவை வழியில் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பார்த்து முடித்ததும் அவர், "நல்லா பாத்துக்கறீங்க சார். எல்லாரும் இப்படி இருந்தா எங்க வேலை ஈஸி" என்றாராம்.

என் தம்பி அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "நான்தான் ஃபர்ஸ்ட் ரேங்க் போலக்கா" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, ஒரு மடிப்பு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

7. தகுதி இல்லை என்று தொலைபேசியில் தெரிவித்தார்கள். முடிவின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஆய்வில் சேரக் குறைந்தது பன்னிரண்டு தேவை. அவருக்கு வந்தது பத்து புள்ளி எட்டு. எல்லா இடத்திலும் சிவப்புக்கு மூன்று, தடிப்புக்கு இரண்டு, செதிலுக்கு ஒன்று. அந்த ஒன்று இரண்டாக இருந்திருந்தால் மொத்தம் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கணக்கைத் தனியே இணைத்திருக்கிறேன். வேறு ஒருவரைக் கொண்டும் சரிபார்த்தாயிற்று. அன்று காலை அவர் துணியால் ஒற்றி எடுத்து, குளியலறைத் தரையில் தண்ணீர் விட்டுக் கழுவிய செதில்கள்தான் அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இருந்தவை.

8. எல்லைக்கோடு தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லைக்கோடு இல்லாமல் ஆய்வு நடக்காது என்று பாடம் நடத்துகிறவள் நான். யார் மதிப்பெண்ணையும் திருத்தச் சொல்லவில்லை. அன்று மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த செதிலுக்கு ஒன்றுதான் போட முடியும். நான் சொல்வது சிறிய விஷயம்: இந்த நோய் உள்ள எல்லோரும் வெளியே வருமுன் ஏதாவது ஒரு வகையில் தங்களைத் தயார்படுத்திக்கொண்டுதான் வருகிறார்கள். யார் அதிகம் வெட்கப்படுகிறார்களோ அவர்களுடைய எண் அதிகம் குறைகிறது. ஆக, தங்கள் அளவுகோல் நோயோடு சேர்த்து வெட்கத்தையும் அளந்து கழித்துவிடுகிறது. ஆய்வின் முடிவுக்கும் இது நல்லதல்ல.

9. "எனக்கு ஒண்ணுமே இல்லையாம்க்கா, ஆஸ்பத்திரியே சொல்லிடுச்சு" என்று என் தம்பி இரண்டு நாள் கேலி பேசினார். பிறகு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறார். கேட்டால், நாற்காலியில் உதிர்கிறது என்கிறார். நிறுத்திய களிம்புகளை அவர் இன்னும் தொடங்கவில்லை. ஏன் என்று பல முறை கேட்ட பிறகே சொன்னார்: "மறுபடி கூப்புட்டாங்கன்னா களிம்பு போட்டிருக்கக் கூடாதுல்ல." யாரும் மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லவில்லை, ஐயா. தாங்கள் கொடுத்த தாளின் விதிகளை இன்றுவரை அவர் தானாகக் கடைப்பிடித்துவருகிறார். இப்போது எண்ணெயும் போடுவதில்லை. முதுகில் சட்டை ஒட்டிக்கொள்கிறது. மாலையில் தண்ணீரால் நனைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) ஆட்கள் சேர்ப்பு முடிவதற்குள் என் தம்பியை ஒரு முறை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அப்போதும் எண் குறைவாக வந்தால் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆ) பரிசோதனைக்கு முந்தைய நாளிலிருந்து எண்ணெய் தடவக் கூடாது, செதிலை எடுக்கக் கூடாது, 'எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள், இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்' என்று அந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.

இ) எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று திருப்பி அனுப்பப்பட்ட மற்றவர்களிடம், அன்று காலை என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் கோரிக்கை அவசரமானது. அவர் காத்திருக்கிறார்.

நாள்: மார்ச் 17
இடம்: கல்லூரி ஆசிரியர் அறை
இப்படிக்கு,
(கையொப்பம்)

மறுநாள் சேர்த்தது – மார்ச் 18

மேற்கண்ட மனுவை இன்று நேரில் கொடுக்க வந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த அலுவலர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே போய்க் கேட்டுவந்தார். "மேடம், ஆள் சேக்குறது நேத்து சாயங்காலமே முடிஞ்சுடுச்சு. கடைசி ஆளும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இதக் குடுக்கணுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மனுவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் தம்பி கடையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "கடைசியா சேந்தவங்களுக்கு ரொம்ப இருக்காமா?" என்று கேட்டார். விசாரிக்கவில்லை என்றேன். "இருக்கும்க்கா. இல்லன்னா சேத்திருக்க மாட்டாங்க" என்றார். பிறகு மனுவை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். பேருந்தில் நடந்ததை நான் கவனித்தது அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் சற்று நிறுத்தினார். "இத வீணாக்காத. மொதல்ல கேட்டத மட்டும் அடிச்சுட்டு அனுப்பு. எண்ணெய் பத்தி எழுதினது இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதன்படி 'அ' என்ற கோரிக்கையை அடித்திருக்கிறேன். மற்ற இரண்டும் இனி வருகிறவர்களுக்காக அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் எதிர்பார்க்கிறேன்.

களிம்பை இன்றே தொடங்கிவிட்டார். டப்பாவின் மூடியை அவரால் திருகித் திறக்க முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன்.

(கையொப்பம்)