பெல்ட் வைத்த பலகை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி நேற்று இருந்த மாதிரியே. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள் பாதி திருத்தினேன், பாதி அப்படியே கிடக்கிறது.

பலகை விஷயம் இன்று முடிவு. பலகை என்றால் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு. அத்தை வைத்த பெயர், வீட்டில் இப்போது எல்லோருக்கும் அதுதான். மு. போன் செய்தார், ஜம்முவிலிருந்து. (கணவர் பெயரை முழுதாக எழுத இங்கேகூடக் கை கூசுகிறது. பழக்கம்.) முன்பெல்லாம் போன் என்றால் "சாப்பிட்டியா? அம்மா மாத்திர போட்டாளா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார். பட்டாளத்து கேம்ப்பில் யாரோ ஒரு வீடியோ காட்டியதிலிருந்து ஆளே மாறிவிட்டார். மோட்டார், டயர், பிரேக் என்று மணிக்கணக்காகப் பேச்சு. அவருக்காக நானும் பார்க்காத வீடியோ இல்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை.

நான் கேட்டது: ஹப் மோட்டார். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். சார்ஜ் தீர்ந்தாலும் காலால் உந்திக்கொண்டு வீடு வந்து சேரலாம்.
அவர் கேட்டது: பெல்ட். இழுவை அதிகம், ஐந்தருவி மேடெல்லாம் அசராமல் ஏறும். ஆனால் சார்ஜ் இல்லையென்றால் உந்தினாலும் நகராது, பெல்ட் பிடித்துக்கொள்ளும்.

"காலால உந்துததுக்கு எதுக்குட்டி இவ்வளவு பெருசு வாங்கணும்?"

பெல்ட் ஆயிற்று. காற்று டயர் மட்டும் என் பிடிவாதம். நம் ரோட்டுக்குச் சின்னச் சக்கரம் ஆகாது. ஒரு ஜல்லி போதும், பல்லைப் பெயர்க்க.

போனை வைக்கும்போது அவராகவே சொன்னார்: "மொத ஓட்டம் ஒனக்குத்தான். சத்தியமா."

எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, சனி

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பால் திரிந்தது. பார்சல் வந்தது.

நினைத்ததைவிடக் கனம். கறுப்பு. மேலே மணல்தாள் ஒட்டியது போலச் சொரசொரப்பு. ரிமோட் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, கட்டைவிரலால் தள்ளினால் வேகம், இழுத்தால் பிரேக். கூட வந்த குறிப்பில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று: முழு சார்ஜோடு இறக்கத்தில் போகக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது உண்டாகிற மின்சாரம் திரும்பப் பேட்டரிக்குத்தான் போகும். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்குப் போக இடமில்லை, பிரேக் விட்டுவிடும். இரண்டு: சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். நிரப்பியே போட்டால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும்.

அத்தை: "அவன் வந்து பூஜ போடாம யாரும் காலு வைக்கக் கூடாது, கேட்டியா?"

மத்தியானம் அத்தை தூங்கினாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஏறி நின்றேன். ஆன் செய்யவில்லை. சும்மா நின்றேன். முட்டி தானாக மடங்கியது, இடது கால் தானாக முன்னால் போனது. பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஸ்கேட்டிங் கிளாஸ் போனவள் நான். வயசுக்கு வந்ததோடு சரி. ஷூவைச் சித்தி மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உடம்பு இன்னும் மறக்கவில்லை என்பது சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

மு. வந்தாயிற்று. கறுத்திருக்கிறார். கொண்டுவந்தவை: அத்தைக்குச் சால்வை, பாதாம், அக்ரூட், ஸ்கேட்டிங் ஹெல்மெட் ஒன்று.

ஹெல்மெட்டை என் தலையில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மறைக்கிறது. அவர் அளவு.

ஜூன் 22, ஞாயிறு

ஆய்க்குடி முருகன் கோயிலில் வண்டிப் பூஜை. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், ஒரு பைக், அப்புறம் பலகை. மாலையை எங்கே போடுவது என்று ஐயருக்கே குழப்பம். கடைசியில் நடுவில் சுற்றிவைத்தார். நாலு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"ஏறி முன்னால எடுங்க" என்றார் ஐயர்.

தட்டு என் கையில். மு.வைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏறினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பலகை குதித்தது, கையை விரித்துக்கொண்டு தேர் நிற்கிற மூலை வரைக்கும் போய்த் திரும்பினார். டிராக்டர்க்காரர் சொன்னார்: "மிலிட்டரிக்காரர்லா, பயம் கெடையாது." அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்கூட்டியில் திரும்பும்போது கேட்டேன். "மொத ஓட்டம் எனக்குன்னு சொன்னீங்க."

"அது சாமிக்கு ஓடுன ஓட்டம்ட்டி. அத எப்படி கணக்குல சேக்க?"

சரி, இரண்டாவது ஓட்டம்தான் முதல் ஓட்டம் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் தெருவில் ஓட்டினார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மாவு புளித்துவிட்டது, நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும்.

பூஜை போட்ட வண்டிக்கு டேங்க் நிரப்புவது எங்கள் வீட்டு வழக்கம். மாமா காலத்து புல்லட்டிலிருந்து எல்லா வண்டியும் கோயிலிலிருந்து நேரே பெட்ரோல் பங்க்குக்குத்தான் போயிருக்கிறது. கொறையாக நிற்கக் கூடாதாம். ஞாயிறு மறந்துவிட்டதை அத்தை இன்று காலையில் நினைத்துக்கொண்டாள். சார்ஜரில் போட்டு, பச்சை விளக்கு வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மு. ஐந்தருவி ரோட்டில் மேலிருந்து கீழே வர வேண்டும் என்றார். பலகையை ஸ்கூட்டியில் வைத்து மேலே கொண்டுபோனோம். ஸ்கூட்டியில் போனை மாட்டி நான் பின்னாலேயே வந்து வீடியோ எடுக்க வேண்டுமாம்.

"நூறு காட்டுது. ஒரு ரவுண்டு மேட்டுல ஓட்டி கொறச்சிட்டு எறங்குங்க. இல்லன்னா பிரேக் பிடிக்காது."

"டீச்சர் வகுப்பெடுக்காங்க" என்று சிரித்தார். இறங்கினார்.

இரண்டாவது வளைவில் பிரேக் விட்டது. நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் இழுக்கிறது, பலகை கேட்கவில்லை. குதித்தார், ஈர மண்ணில் உருண்டார். பலகை தனியாகப் போய்ப் புதரில் செருகியது. அருவிக்குக் குளிக்க வந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். எல்லோரும் உடம்பு முழுக்க எண்ணெய். பிடித்தால் வழுக்குகிறது, மறுபடியும் கீழே போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்புதான். அவர் பார்த்துவிட்டார்.

எலும்புக்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வீக்கம், முழங்கையில் தோல் போயிற்று. பலகைக்கு ஒரு கீறல்.

வீட்டில் சொன்னார்: "நாயி குறுக்க வந்துட்டும்மா."

நாய் இல்லை. என் போனில் இருக்கிற வீடியோவிலும் நாய் இல்லை. அழிக்கச் சொன்னார், அழித்தேன்.

ஜூன் 26, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அத்தை மிளகாய், உப்பு சுற்றி அடுப்பில் போட்டாள். வாசலில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பேச்சு. நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தேதான்.

"ஊர்க்கண்ணு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குள்ளயே ஒருத்தி ஆசப்பட்டு ஆசப்பட்டு பாத்துக்கிட்டிருந்தா, படாம என்ன செய்யும்?"

குழம்பில் புளி அதிகமாகிவிட்டது. அப்படியே பரிமாறினேன்.

ஜூன் 29, ஞாயிறு

கேட்டுவிட்டேன். காபி கொடுக்கும்போது, நேராக.

"நான் ஒருதடவ ஓட்டுதேன். ஆய்க்குடி ரோட்டுல, விடியக்காலம், ஆள் இருக்காது."

"டீச்சரம்மா இதுல போனா பிள்ளைங்க மதிக்குமாட்டி?"

"சத்தியம் பண்ணுனீங்க."

"போன்ல ஆயிரம் சொல்லுவோம். அங்கன பொழுது போவணும்லா."

காபி ஆறிப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தார். சுடவைத்துக் கொடுத்தேன்.

அப்படியானால் அந்தப் பேச்செல்லாம் பொழுதுபோக்கு. தாள் திருத்துவதை விட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி ஓடிப் போன் எடுத்தது. பேட்டரி பற்றிச் சொன்னால் "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டது. புருஷன் என்னிடம் பேசுகிறார் என்று பூரித்தேனே, அதை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது. விழுந்தது அவர். அடி எனக்கு.

ஜூலை 5, சனி

லீவு முடிந்தது. தென்காசி ஸ்டேஷன். அத்தை அழுதாள். மு. மணிக்கட்டில் கட்டோடு ஜன்னல் வழியாக என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு: "பலகைய பாத்துக்க."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மனதுக்குள் நாளைக் காலை ஆய்க்குடி ரோடு.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சிவப்பு மை, அத்தை மாத்திரை.

ஜூலை 6, ஞாயிறு

மழை இல்லை. மலை முழுக்க மஞ்சுமூட்டம், ரோடு காய்ந்து கிடந்தது. இதைவிட நல்ல காலை கிடைக்காது. அத்தை எழும்புவதற்கு முன்னால் கிளம்பினேன். சுடிதார், பள்ளி விளையாட்டு நாளுக்கு வாங்கிய ஷூ. தலைக்கு ஸ்கூட்டி ஹெல்மெட். இரண்டு பக்கமும் வயல், நடுவில் நேர் ரோடு. பலகையை இறக்கி வைத்தேன். பலகையோடு வந்த பையைத் திறந்தேன். சார்ஜர் இருந்தது, ஸ்பேனர் இருந்தது. ரிமோட் இல்லை.

பையை உதறினேன். ஸ்கூட்டி டிக்கியில் பார்த்தேன். பிறகு போன் போட்டேன். ரயிலில் இருந்தார்.

"அது எங்கிட்டதான் இருக்கு. ஒனக்கு அடிகிடி பட்டுரக் கூடாதுன்னுதான் எடுத்துட்டு வந்தேன். மாசம் ஒருக்க சார்ஜ் மட்டும் போட்டு வை, என்ன? பேட்டரி வீணாப் போயிரும்."

வைத்துவிட்டார்.

ஆனாலும் ஏறினேன். வலது காலால் ஓங்கி உந்தினேன். கொஞ்ச தூரம் முனகிக்கொண்டு போய் நின்றுவிட்டது. மறுபடி உந்தினேன். மறுபடி நின்றது.

பெல்ட்.

பால்கேனோடு சைக்கிளில் வந்த அண்ணாச்சி காலை ஊன்றி நின்றார். "என்ன டீச்சர், ஓடமாட்டுக்கா?"

"ஓடாது அண்ணாச்சி."

"பெறகு என்னத்துக்கு வாங்குனீங்க?"

வீட்டுக்கு வந்து சொன்னபடி சார்ஜ் போட்டேன். பாதியில் எடுக்க வேண்டும், எனக்குத் தெரியும். பருப்பு வேகவைத்தேன், அத்தைக்கு மாத்திரை கொடுத்தேன். போய்ப் பார்த்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூறு.

அப்படியே இருக்கட்டும் என்று கதவைச் சாத்தினேன்.