உனக்குக் கேட்ட மாத்திரை

வாய் ஓயாத என் அக்காவுக்கு,

நீ சாப்பிட்ட அதே மாத்திரையைத்தான் இப்போது நானும் சாப்பிடுகிறேன். தேனியில் உன்னைப் பார்த்த அதே மனநல டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். உனக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்கவில்லை அக்கா. பயமாக இருக்கிறது.

மேட்டுப் பாதையில் ஜீப் கவிழ்ந்து நீ போன பிறகு, காலையில் கண் விழிப்பதே பெரிய பாடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. எழுதிய கணக்கையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் என்னையே பார்க்கிறார்கள்.

தேன்மொழி பிறந்த பிறகு உனக்கும் இந்த நோய் வந்ததே, அப்போது நீ எப்படி இருந்தாய்? டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழுது, அத்தானைத் திட்டி, மாமியாரைத் திட்டி, எல்லாவற்றையும் கொட்டினாய். கொஞ்ச நாளில் பழையபடி திராட்சை வியாபாரிகளோடு சண்டைக்கு நின்றாய். எனக்கு அது வராது. டாக்டர் என்ன கேட்டாலும், "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

"மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணுபோலக் கேக்காதும்மா," என்றார் அவர். "உடம்பு ஒரு காரணம். சுபாவமும் ஒரு காரணமா இருக்கலாம். எதையும் உள்ளயே வச்சுக்கிட்டு, தன்னையே குத்தம் சொல்றவுகளுக்குச் சில நேரம் தாமதமாகுது. இதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

பேருந்தில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. மருந்தை மாற்றலாம். இந்த வயதில் சுபாவத்தை எங்கே போய் மாற்றுவது?

உன் மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அத்தான் மலையில் ஏலக்காய்த் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ஒருநாள் பள்ளி விட்டு வந்தவளுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. "என்னத்தா ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல சித்தி" என்று உள்ளே போய்விட்டாள். அக்கா, அது அப்படியே நான் சொல்கிற பதில். உன்னைப்போல வீடு அதிரப் பேசிய பிள்ளை. என்னைப் பார்த்து வாயை மூடப் பழகுகிறாளோ? அன்று எனக்கு வந்த நடுக்கம், உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட வரவில்லை.

மறுநாளே என் வீட்டுக்காரரோடு தேனிக்குப் போனேன். டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். "பரவாயில்ல" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "சார், ஆத்துப் பாலத்துல தனியா நடக்கப் பயமா இருக்கு. என்னையவே என்னால நம்ப முடியல."

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை என் கையைவிடச் சில்லிட்டிருந்தது.

டாக்டர் பதறவில்லை. மாத்திரையை மாற்றினார். வாராவாரம் பேச ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். "இவுகளக் கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீக" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். இந்த மருந்தாவது கேட்குமா? யாருக்குத் தெரியும்? பாலம் வந்தால் இன்னும் அவர் கையைத்தான் தேடுகிறேன்.

நேற்று தேன்மொழிக்குச் சடை பின்னும்போது சொல்லிவிட்டேன். "சித்திக்கு மனசு சரியில்லத்தா. ரொம்பப் பயமா வருது. அதுக்குத்தான் மருந்து."

அவள் திரும்பவில்லை. "எனக்கும் பயமா இருக்கு சித்தி. நீங்களும் போயிருவீகளோன்னு," என்றாள். பிறகு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். நான் அடக்கச் சொல்லவில்லை.

மருந்தை நானாக நிறுத்த மாட்டேன். கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்வேன். எவ்வளவு பயந்தாலும் உன் பிள்ளையை விட்டுப் போக மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் தங்கச்சி,
உன் மகளின் சித்தி,
மகேசு