இரண்டு கார்டுக்கு நடுவில்

அக்கா,

இன்று காலை குடோனில் புதுச் சுக்கு மூட்டையைப் பிரித்தார்கள். தூசி எழும்பியதும் என் கை தானாக வலது பக்கம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியது. அங்கே உன் பலகையில் புதிதாக வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு இருமல் இல்லையேக்கா" என்றாள். "பரவால்ல, குடி, வரும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீ இருமினால், "அக்கா லாரி ஸ்டார்ட் ஆயிருச்சு, ஏறுறவங்க ஏறுங்க" என்பேன். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரே சிரிக்கும். "உன் வாயிலதான்டி இந்த மூட்டையத் திணிக்கணும்" என்பாய், மூச்சு வாங்கிக்கொண்டே. அது தூசி இல்லை, நெஞ்சு என்று நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு எப்படித் தெரியும்?

இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். காப்பீடு இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நம்மால் ஆகாது. ஊரில் உன் தம்பியின் ரேஷன் கார்டில் உன் பெயர் இருந்தது. அதைக் காட்டி மதுரையில் செய்திருக்கலாம். நீயும் கிளம்பத்தான் இருந்தாய். நான்தான் வாயை வைத்தேன். "அங்க உனக்கு யாரு கஞ்சி வெச்சுத் தருவா? பேரை வெட்டிட்டு வாக்கா. இங்க கார்டு எடுத்து இங்கயே பண்ணிருவோம். நான் பாத்துக்கிறேன்." ரயிலேறிப் போய்ப் பெயரை நீக்கி, அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாய். "மலையாளத்துக்காரி வந்துட்டா, சாயா போடுங்க" என்று தெருவெல்லாம் கேலி செய்தேன்.

இங்கே கார்டுக்கு மனுப் போடப் போனோம். கம்ப்யூட்டர் சென்டர் பெண் சொன்னாள்: "ஈ வீட்டு நம்பர்ல வேற கார்டு உண்டல்லோ சேச்சி." பழைய குடோனைத் தட்டி வைத்து நாலு அறையாக்கி வாடகைக்கு விட்டவர் நம் வீட்டுக்கார சேட்டன். நாலு அறைக்கும் நம்பர் ஒன்றுதான். தனி நம்பருக்கு எழுதிக் கொடுங்கள் என்று அவர் வாசலில் தினமும் நின்றோம். "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று சொன்னாரே தவிர, பார்க்கவே இல்லை.

உன் தம்பிக்குப் போன் போட்டேன். "வெட்டச் சொன்னது நீங்கதான? திரும்பச் சேக்கணும்னா அக்கா நேர்ல வந்து கைரேகை வைக்கணுமாம்" என்றான். அதற்குள் உன்னால் குழாயடிக்கே நடக்க முடியவில்லை. உதவி நிதிக்கு மனுக் கொடுக்கப் போனால் அங்கேயும் முதல் கேள்வி, எந்தக் கார்டு என்பதுதான். சிரித்துப் பேசி எதையும் சாதிக்கிறவள் நான். அந்த ஜன்னலில் கையெடுத்துக் கும்பிட்டு அழுதேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

வார்டில் கட்டில் கிடைக்காமல் தரையில் பாயில் கிடந்தாய். நான் பாயோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

"என்னடி, லாரி ஸ்டார்ட் ஆகுது. கேலி பண்ணலையா?"

உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நான்தான் எந்தக் கார்டுலயும் இல்லையே. எமன் வந்தா எதுல பேரைத் தேடுவான்? திரும்பிப் போயிருவான்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். நர்ஸ் திட்டினாள். மறுநாள் விடியும்போது வந்தவன் கார்டு எதுவும் கேட்கவில்லை.

இன்று சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புதுப்பெண் மெல்லக் கேட்டாள். "எங்கம்மாவுக்குக் கிட்னி ஆப்பரேசன். ஊருல பேரை வெட்டிட்டா இங்க உடனே கார்டு தருவாங்களாமே, நெசமாக்கா?"

"யாருடி சொன்னா? என்னை மாதிரி ஒருத்தியா?" என்றேன். "அங்க இருக்கிற கார்ட வெச்சு முதல்ல அங்கயே ஆப்பரேசன் பாரு. கஞ்சி வைக்க ஆளில்லன்னா நான் வர்றேன்."

அவள் நம்பவில்லை. நீ முந்தானையில் முடிந்து வந்த அந்தத் தாளைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி உன் பெயரை வாசித்தாள். பிறகு, நீக்கப்பட்டது என்று வாசித்தாள். ஆஸ்பத்திரித் தாள்களையெல்லாம் உன் தம்பி கொண்டுபோய்விட்டான். உன் பெயர் எழுதிய தாள் என்னிடம் இது ஒன்றுதான், அக்கா.